விலைப்பட்டியல் இல்லாத விருந்தினர் அறை: தண்ணீர்பள்ளி சாந்திவனம்

வீடு, நகை, நிலம், வைப்புத்தொகை என்று எதையாவது நினைத்து இரவெல்லாம் புரண்டு படுக்கும் ஒருவர், சில நாள் எங்காவது போய் இருந்துவிட்டு வரலாமா என்று என்னிடம் கேட்டால், நான் முதலில் சொல்லும் இடம் குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்பள்ளியில் உள்ள சச்சிதானந்த ஆசிரமம். காவிரிக் கரையில் இருக்கிறது. சாந்திவனம் என்று சொன்னால்தான் ஊரில் தெரியும். கத்தோலிக்கத் துறவிகள் நடத்தும் ஆசிரமம் இது. விருந்தினர் தங்க எளிய அறை, சைவச் சாப்பாடு, நாளுக்கு மூன்று பொது வழிபாடு, காலையில் திருப்பலி, மீதி நேரமெல்லாம் நமக்கு. பேராசையை ஒழிக்கப் பயிற்சி தருகிறோம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. ஆனால் அந்த வேலை அங்கே நடக்கிறது. எப்படி நடக்கிறது என்று எனக்குப் புரிந்தவரையில் எழுதுகிறேன்.

நான் திருச்சியில் ஒரு கூட்டுறவு வங்கியின் நகைக்கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் உரைத்து, அமிலம் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, கல்லுக்கும் அரக்குக்கும் எடை கழித்துச் சொல்வார். நிகர எடையைப் பதிவேட்டில் எழுதி, மதிப்பில் முக்கால் பங்குக்கு மேல் போகாமல் கடன் தொகையை முடிவு செய்து, நகையைப் பையில் போட்டு முத்திரை வைத்துப் பெட்டகத்தில் அடுக்குவது என் வேலை. ஆவணிக் கல்யாணத்துக்காக மீட்டுப் போன ஆரம் புரட்டாசி முடிவதற்குள் அதே கைக்குட்டையில் சுற்றி எங்களிடம் திரும்பி வரும். தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு நிற்கும் பெண்களின் முகத்தைப் பார்க்க மாட்டேன். பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே ரசீது எழுதுவேன். அதே மாடிப்படியில் லாக்கர் அறைக்குப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பத்துப் பவுன் வைத்திருந்தவர் இருபதுக்கு ஏங்கினார். நூறு பவுன் வைத்திருந்த ஒருவர், சாவி தொலைந்ததாகக் கனவு கண்டு வங்கி திறக்கும் முன்பே வந்து வாசலில் நின்றார்.

இவ்வளவையும் பார்த்தவளுக்கு மனம் பக்குவப்பட்டிருக்கும் என்று நினைப்பீர்கள். பார்ப்பதால் மட்டும் பக்குவம் வருவதில்லை. எங்கள் அப்பா லால்குடிப் பக்கம் அய்யன் வாய்க்கால் பாசனத்தில் ஒரு வாழைத்தோட்டத்தை விட்டுவிட்டுப் போனார். உயில் இல்லை. அம்மா முன்பே இறந்துவிட்டார். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பாதி தர மாட்டேன் என்று தம்பி சொல்லவில்லை. அப்பா போன பிறகு இத்தனை ஆண்டு அவன் எடுத்த வருமானத்தில் என் பாதி என்ன ஆயிற்று என்பதில்தான் பேச்சு நின்றுபோனது. நான் ஒரு நீள நோட்டில் ஆண்டுவாரியாகக் கணக்கு எழுதி வைத்திருந்தேன். பூவன் தார் இத்தனை, கற்பூரவல்லி இத்தனை, உரச் செலவு கழித்து இவ்வளவு, அதற்கு வட்டி இவ்வளவு. நள்ளிரவில் விழிப்பு வந்தால் விளக்கைப் போட்டு அந்த நோட்டைத் திறப்பேன். ஓர் ஆண்டின் தார் விலையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் கடைசித் தொகை எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பேன். ஞாயிறு தவறாமல் பாலக்கரை சகாய மாதா கோவிலுக்குப் போகிறவள்தான். பூசை நடக்கும்போதே அந்தத் தொகை கண்முன் வந்து நிற்கும்.

கூட வேலை பார்த்த ஒரு தோழிதான் சாந்திவனத்தைச் சொன்னாள். அவள் இந்து. "அங்கே போனால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், போய்ச் சும்மா இருந்துவிட்டு வா" என்றாள்.

திருச்சியிலிருந்து கரூர் போகும் சாலையில், குளித்தலை வருவதற்குச் சற்று முன்பே தண்ணீர்பள்ளி. எல்லா பஸ்களும் அங்கே நிற்பதில்லை. நடத்துனரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் குளித்தலையில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். திருச்சி–ஈரோடு ரயில் பாதையில் குளித்தலை நிலையமும் இருக்கிறது. சாலையை விட்டு ஆற்றுப் பக்கம் திரும்பியதும் தென்னையும் மாவும் நிழல் கட்டிவிடுகின்றன. லாரிச் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். காட்டுக்குள் போன அமைதியை எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு அது குறையாகப் படவில்லை.

அறையில் ஒரு கட்டில், மேசை, நாற்காலி, விசிறி. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது, தேவையும் இல்லை. நான் பெட்டியை வைத்துவிட்டு நேராக அலுவலகத்துக்குப் போய், "சாமி, ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று கேட்டேன். வங்கியில் வேலை பார்த்தவளுக்கு அது முதல் கேள்வி. விருந்தினரைக் கவனிக்கும் துறவி, "கட்டணம் என்று எதுவும் இல்லை, அம்மா. போகும்போது உங்களால் இயன்றதைக் கொடுங்கள்" என்றார். "குறைந்தபட்சம் என்று ஒரு தொகை இருக்குமே?" என்று விடாமல் கேட்டேன். "சென்ற வாரம் ஒரு மாணவர் எதுவும் கொடுக்க இயலாமல் போனார். அவரும் மூன்று வேளையும் சாப்பிட்டுத்தான் போனார்" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு மணி எப்போது அடிக்கும் என்று விளக்கத் தொடங்கிவிட்டார்.

இந்த மதிப்புரையில் நான் நின்று சொல்ல விரும்பும் இடம் இதுதான். விலை சொல்லிவிட்டால் நமக்கு எவ்வளவு நிம்மதி! கொடுத்தோம், வாங்கினோம், தீர்ந்தது. குறைத்துக் கேட்கலாம், அதிகம் என்று முணுமுணுக்கலாம், கொடுத்த காசுக்கு வெந்நீர் வரவில்லை என்று சண்டையும் போடலாம். விலையே சொல்லாமல் விட்டால் அத்தனை வழியும் அடைபட்டுவிடுகிறது. முதல் இரவு நான் படுத்துக்கொண்டு, திருச்சியில் சாதாரண விடுதி அறைக்கு என்ன வாடகை, மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு என்ன ஆகும், இங்கே அறை எளிமை என்பதால் அதில் எவ்வளவு கழிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். மறுநாள் இரவும் போட்டேன். இந்தக் கணக்கைச் சரிபார்க்க எதிரே ஆள் இல்லை. குறைவாகக் கொடுத்தால் யாரும் கேட்கப்போவதில்லை, கூடுதலாகக் கொடுத்தால் யாரும் புகழப்போவதில்லை. எனக்கு எவ்வளவு போதும், பிறருக்கு எவ்வளவு விடலாம் என்ற கேள்வி நேராக என் முன்னால் வந்து உட்கார்ந்தது. எத்தனையோ மறையுரைகளில் இதைக் கேட்டிருக்கிறேன். பதில் சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் ஒருவரும் என்னை நிறுத்தியதில்லை.

இந்த இடத்துக்கு இப்படி ஒரு குணம் எங்கிருந்து வந்தது என்று அங்கே இருந்தவர்களிடம் கேட்டும் நூலகத்தில் படித்தும் தெரிந்துகொண்டேன். 1950 மார்ச் 21 அன்று, மேற்கத்தியத் துறவிகளுக்கு ஒழுங்கு வகுத்த புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) திருநாளில், இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கியது இந்த ஆசிரமம். லியோன் மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஜூல் மோன்ஷனேன் 1939-இல் இந்தியா வந்து, திருச்சி மறைமாவட்டத்தில் குளித்தலை போன்ற ஊர்களில் பங்குப் பணி செய்துகொண்டிருந்தவர். ஆன்றி லெ சோ ஆசீர்வாதப்பர் சபைத் துறவி, 1948-இல் வந்தார். ஆற்றங்கரை மாந்தோப்பில் குடிசை போட்டு, காவி உடுத்தி, நம் ஊர்ச் சந்நியாசிகளைப் போல வாழத் தொடங்கினார்கள். மோன்ஷனேன் பரம அரூபி ஆனந்தம், லெ சோ அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். மோன்ஷனேன் 1957-இல் இறந்துவிட்டார். அபிஷிக்தானந்தர் பிறகு வடக்கே கங்கைக் கரைக்குப் போய்விட, 1968-இல் கேரளத்தின் குரிசுமலையிலிருந்து வந்து பொறுப்பேற்றவர் பீட் கிரிஃபித்ஸ் என்னும் ஆங்கிலத் துறவி. 1993-இல் இறக்கும் வரை இங்கேதான் ஒரு குடிசையில் வாழ்ந்தார். அவருடைய சமாதி கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பீட் கிரிஃபித்ஸின் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்று என்னை மிகவும் தொட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் படித்து முடித்த கையோடு, 1930-இல், இரண்டு நண்பர்களோடு இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் பகுதியில் ஈஸ்டிங்டன் என்ற சிற்றூரில் ஒரு குடிசைக்குக் குடிபோனார். இயந்திரம் கொண்டுவந்த வசதிகளை முடிந்தவரை ஒதுக்கிவிட்டு, மாடு கறந்து, தாங்களே செய்த மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்து வாழ்ந்து பார்த்தார்கள். ஓராண்டு முடிவதற்குள் அந்த முயற்சி கலைந்துவிட்டது. ஆனால் அந்தக் குடிசையில் சேர்ந்து விவிலியம் வாசித்த பழக்கம்தான் அவரை விசுவாசத்துக்குத் திருப்பியது, 1931-இல் கத்தோலிக்கரானார். எளிமை என்பது அவருக்கு வயதான பிறகு வந்த தத்துவம் இல்லை. இருபது சொச்சம் வயதில் கைகால் வலிக்கச் செய்து பார்த்த காரியம். அப்படிப்பட்டவர் கால் நூற்றாண்டு வாழ்ந்த இடத்தில் அறைக்கு விலை எழுதி ஒட்டாததில் வியப்பில்லை.

வழிபாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவில் வாசலில் சிறு கோபுரம், அதில் மூன்று முகமாக, தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொரு இறைவன். உள்ளே இருண்ட கருவறை, அங்கே நற்கருணை, அதாவது கிறிஸ்துவின் உடலாக நாங்கள் வணங்கும் அப்பம். எல்லோரும் தரையில்தான் உட்கார வேண்டும். காலை வழிபாட்டில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு தருகிறார்கள். திருப்பாடல்களோடு உபநிடதமும் நம் பக்தி இலக்கியமும் வாசிக்கப்படும். இதையெல்லாம் பார்த்து முகம் சுளிக்கும் கத்தோலிக்கர்கள் எங்கள் பங்கிலேயே இருக்கிறார்கள். எனக்குச் சமஸ்கிருதப் பாடல்கள் வாயில் நுழையவில்லை, தமிழ்ப் பாடல் வரும்போதுதான் மனம் திறந்தது. அது என் பழக்கம். திருநீறு மட்டும் எனக்கு உடனே பிடிபட்டது. ஆண்டுக்கொரு முறை சாம்பல் புதனன்று, மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று நெற்றியில் சிலுவை போடுவார்கள். மறுநாள் வேலைக்குப் போய்விடுவோம். இங்கே ஒவ்வொரு மாலையும் அது நடக்கிறது. நாள்தோறும் நெற்றியில் சாம்பல் படும்போது, நோட்டில் எழுதி வைத்திருக்கும் வட்டி யாருக்கு என்ற கேள்வியை வெகுநாள் தள்ளிப்போட முடியவில்லை.

ஒரு மாலை தாயுமானவர் பாடல் ஒன்றை வாசித்தார்கள். திருச்சி நாயக்க அரசில் கணக்கு உத்தியோகம் பார்த்துவிட்டுத் துறவு பூண்டவர் என்று சொல்லப்படுகிறவர். "ஆசைக்கோர் அளவில்லை, அகிலமெல்லாம் கட்டி ஆளினும் கடல்மீதிலே ஆணை செலவே நினைவர்." பள்ளியில் மனப்பாடம் செய்த வரிகள்தான். உலகம் முழுவதையும் ஆண்டாலும் கடலின்மேலும் தன் ஆணை செல்ல வேண்டும் என்று நினைப்பார்களாம். நூறு பவுன்காரர் வாசலில் நின்றது நினைவுக்கு வந்தது.

சாப்பாடு எளிமையானது, சுத்தமானது, வயிற்றுக்கு இதமானது. தரையில் வரிசையாக உட்கார்ந்து, பேசாமல் சாப்பிட வேண்டும். அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும். காலை உணவுக்குப் பிறகு காய் நறுக்க விருந்தினர்களும் உட்காரலாம், கட்டாயமில்லை. நான் தவறாமல் உட்கார்ந்தேன், ஏனென்றால் ஆசிரமத்தில் என்னை மிகவும் தேற்றிய நேரம் அதுதான்.

ஒரு நாள் வாழைப்பூ. மடலை ஒவ்வொன்றாக விரித்து, சீப்பாக இருக்கும் பூக்களை எடுத்து, நுனியைத் தேய்த்தால் இதழ் விரியும். உள்ளே தலை பருத்து விறைப்பாக நிற்கும் கள்ளனை ஒரு விரலால் இழுத்து எறிய வேண்டும். அடியில் கண்ணாடிபோல் ஒட்டியிருக்கும் செதிலையும் கிள்ள வேண்டும். பிறகு நறுக்கி மோர் கலந்த தண்ணீரில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துப்போகும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டாலும் கறை பிடிக்கத்தான் செய்யும். அவசரப்பட முடியாத வேலை. ஒரு பூவுக்குக் குறைந்தது நூறு முறை இதே செய்கை. வாழைத்தோட்டத்துக்காரன் மகள் நான். தார் விலையை வைத்து எத்தனையோ இரவு விழித்திருந்தேன், வாழைப்பூவைக் கையில் எடுத்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று அப்போதுதான் யோசித்தேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கரூரில் ஏற்றுமதித் துணி நிறுவனம் ஒன்றில் தைக்கும் பெண். மகளிர் குழுக்களில் கடன் வாங்கியிருக்கிறார். "எனக்குத் திங்கட்கிழமை தவணை, அக்கா. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சோறு இறங்காது" என்றார். ஆசிரமத்தில் தங்க அவருக்கு விடுப்பு கிடையாது; ஞாயிறு பூசைக்கு வந்தவர், காய் நறுக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார். மீட்க முடியாமல் ஏலத்துக்குப் போன தன் தோட்டைப் பற்றிச் சொன்னார். நான் எந்த வேலை பார்த்தேன் என்று அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவரே, "நீங்கள் என்ன செய்வீர்கள், அது உங்கள் உத்தியோகம்" என்று சொல்லிவிட்டு அடுத்த மடலை விரித்தார்.

அந்த வட்டத்தில்தான் ஓர் இளம் துறவி, புனித ஆசீர்வாதப்பர் ஆறாம் நூற்றாண்டில் எழுதிய துறவற ஒழுங்கைப் பற்றி எங்களுக்குச் சொன்னார். இந்த ஆசிரமம் அவர் வழிவந்த கமால்டோலி சபையோடு இணைந்தது. அந்த ஒழுங்கின் 33-ஆம் அதிகாரம், துறவிக்குச் சொந்தம் என்று எதுவும் இருக்கக் கூடாது என்கிறது, புத்தகமோ எழுதுகோலோகூட. 55-ஆம் அதிகாரம் இன்னும் நுணுக்கமாகப் போகிறது. மடாதிபதி அடிக்கடி படுக்கைகளைச் சோதித்துப் பார்க்க வேண்டுமாம், யாராவது எதையாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று. அதோடு நிற்கவில்லை. உடை, செருப்பு, இடைவார், கத்தி, எழுதுகோல், ஊசி, கைக்குட்டை என்று தேவையான எல்லாவற்றையும் மடாதிபதியே கொடுத்துவிட வேண்டும். எனக்கு இல்லை என்ற சாக்குக்கே இடம் இருக்கக் கூடாது. புதிய உடை வாங்குகிறவர் பழையதை உடனே திருப்பித் தர வேண்டும், அது ஏழைகளுக்கு. 34-ஆம் அதிகாரம், குறைவாகத் தேவைப்படுகிறவர் இறைவனுக்கு நன்றி சொல்லட்டும், கூடுதலாகத் தேவைப்படுகிறவர் தாழ்மையாக இருக்கட்டும் என்கிறது. எல்லோருக்கும் ஒரே அளவு என்று அவர் சொல்லவில்லை. மனிதரை நன்றாக அறிந்த ஒருவர்தான் இப்படி எழுத முடியும்.

படுக்கையைச் சோதிக்கும் பகுதியைக் கேட்டபோது எனக்கு என் அறைதான் தெரிந்தது. லாக்கர் சாவியைக் கைப்பையில் போட்டு, பையைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர்பள்ளியில் இருக்கும் சாவியால் திருச்சியில் இருக்கும் நகைக்கு என்ன காவல்? அன்று இரவு பையை மேசைமேல் வைத்தேன். வெகுநேரம் தூக்கம் வரவில்லை. பிறகு வந்தது.

மதிய வெயிலில் அறையில் விவிலியத்தைத் திறந்து லூக்கா 12-ஆம் அதிகாரத்தை மெதுவாகப் படித்தேன். கூட்டத்தில் ஒருவன் எழுந்து, சொத்தைப் பங்கு பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று இயேசுவிடம் கேட்கிறான். அறிவற்ற செல்வன் உவமை அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வருகிறது. உவமையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். முன்னால் நிற்கும் அந்த மனிதனை நான் கவனித்ததே இல்லை. அவன் கேட்டது நியாயமாகக்கூட இருந்திருக்கலாம். இயேசு அவனைத் திட்டவில்லை. என்னைப் பாகம் பிரிப்பவராக வைத்தது யார் என்று விலகிக்கொள்கிறார். உவமையில் வரும் செல்வனும் திருடன் கிடையாது. நிலம் நன்றாக விளைந்தது, அவ்வளவுதான். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்ட இரவிலேயே அவன் உயிர் கேட்கப்படுகிறது.

அடுத்த பகுதி அதைவிட எனக்குப் புதிதாக இருந்தது. பேராசையைப் பற்றிய எச்சரிக்கை கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது. காகங்களைக் கவனியுங்கள், காட்டுச் செடிகளைக் கவனியுங்கள், கவலைப்படாதீர்கள் என்பது சீடர்களைப் பார்த்துச் சொன்னது. வலையையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கும் நாளைய சோற்றைப் பற்றிய கவலை இருந்திருக்கிறது. பெருகுவதை விட முடியாதவருக்கும் இல்லாமையில் தவிப்பவருக்கும் ஒரே அதிகாரத்தில், ஒரே தந்தையைக் காட்டிப் பேசுகிறார் இயேசு. என் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வந்து நின்ற அத்தனை பேரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அன்று நண்பகலுக்குப் பிறகு நான் செபம் செய்தேன், பல ஆண்டுகளுக்குப் பின் எதையும் கேட்காமல்.

ஊர் திரும்பிய பிறகு தம்பிக்குத் தொலைபேசியில் பேசினேன். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதலாம் என்றேன். "பழைய கணக்கு, அக்கா?" என்றான். "அதை விட்டுவிட்டேன், தம்பி. நிலத்தை மட்டும் பாதியாக அளந்து எழுது" என்றேன். பேச்சே வரவில்லை அவனுக்கு. பிறகு அவன் மனைவி பேசினாள். லால்குடியில் பத்திரம் பதிவாகிவிட்டது. என் பாதியை அவனே குத்தகைக்குப் பார்த்துக்கொள்கிறான். தையில் முதல் தார் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். பொருளாசை கூடாது என்ற வசனத்தைக் காட்டி, பெண்களிடம் பங்கை விட்டுக்கொடு என்று சொல்லும் வழக்கம் நம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இருக்கிறது. அது விசுவாசம் இல்லை, அநியாயம். என் பாதி நிலம் எனக்குச் சேர வேண்டியது, வாங்கிக்கொண்டேன். அதை விடும்படி சாந்திவனத்தில் யாரும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் விட்டது, என் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்த வட்டிக் கணக்கை. எது உரிமை, எது பிடிவாதம் என்று பிரித்துப் பார்க்கும் அளவுக்கு அந்த இடம் என்னைச் சும்மா இருக்க விட்டது.

காணிக்கை கொடுத்தால் பத்து மடங்காகத் திரும்பும் என்று மேடையில் முழங்கும் கூட்டங்களுக்கும் உறவினர்கள் என்னை அழைத்துப் போயிருக்கிறார்கள். அங்கே கொடுப்பவரின் மனத்தில் ஆசை குறைவதில்லை, வளர்கிறது. கடன் வாங்கிக் காணிக்கை போட்டவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கடனுக்கான நகை என் கையில்தான் வந்தது. "போதுமென்கிற மனதுடனே கூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம்" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைப் பழைய மொழிபெயர்ப்பில் என் பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த ஆதாயத்தை யாரும் மடங்கு போட்டுக் காட்ட முடியாது.

கவலை முழுவதும் ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. தங்கம் விலை ஏறியது என்று செய்தி வந்தால் கை தானாகப் பெருக்கிப் பார்க்கிறது. சாந்திவனத்தில் கிடைக்கும் அமைதி ஊருக்கு வந்த பிறகு கரையத்தான் செய்கிறது. அதனால்தான் பிறகும் போய் வருகிறேன். வீட்டிலும் ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டேன். இரவு செபம் முடிந்ததும் அன்று தேவைக்கு மேல் கையில் தங்கியது என்ன என்று பார்த்து, பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்கு எடுத்து வைக்கிறேன். லாக்கரில் நெடுங்காலம் தூங்கிய நகைகளில் சிலவற்றை மகள்களிடம் இப்போதே கொடுத்துவிட்டேன். அவர்கள் அணிந்துகொண்டு வருவதைப் பார்க்க நன்றாக இருக்கிறது.

யாருக்குப் பொருந்தாது என்றும் சொல்கிறேன். கூட உட்கார்ந்து ஆலோசனை சொல்லி, வழிகாட்டி, அட்டவணை போட்டு நடத்தும் தியானம் வேண்டுமென்றால் அதற்கென்று இருக்கும் தியான இல்லங்களுக்குப் போங்கள். இங்கே துறவிகளிடம் பேசலாம், கேட்டால் நேரம் தருகிறார்கள். தேடி வந்து பேச மாட்டார்கள். சிறு குழந்தைகளுக்கு இங்கே பொழுது போகாது. தனிமையில் அச்சம் கூடுகிறவர்கள் துணையோடு போவது நல்லது. மற்ற சமயத்தவர்கள் தயங்க வேண்டியதில்லை. நான் தங்கியிருந்தபோது பாதிப் பேருக்கு மேல் கிறிஸ்தவர்களாக இல்லை.

புறப்படும் காலையில் உறையில் போட்ட தொகையை இங்கே எழுத மாட்டேன். நீங்கள் போனால் உங்கள் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும்.

போவதற்கு முன் தொடர்புகொண்டு இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் வெளிநாட்டு விருந்தினர்கள் நிறைய வருகிறார்கள். சித்திரை, வைகாசியில் வெயில் கடுமை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பு போனால் காவிரியில் பெரும்பாலும் மணலைத்தான் பார்ப்பீர்கள். தண்ணீர் ஓடும் காலத்தில், இடம் தெரிந்தவர் துணையில்லாமல் ஆற்றில் இறங்க வேண்டாம். கொசுவுக்கு எண்ணெய், ஒரு டார்ச் விளக்கு, தோளில் போட ஒரு துண்டு கொண்டு போங்கள். முட்டி வலிக்காரர்கள் வழிபாட்டிலும் சாப்பாட்டிலும் நாற்காலி கேட்டால் தருகிறார்கள்; கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.